சாயம் விடும் கிண்ணம்

எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் நான் செய்த தப்பை ஊரார் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

பழைய அரச பட்டங்களுக்கு வாரிசு தேடும் ஆளில்லாப் பட்டங்கள் அலுவலகத்தில் நான் எழுத்தர். ராஜ வம்சம் திசைக்கொன்றாகச் சிதறிய பிறகு மிஞ்சிய கடைசிப் பட்டம் மடைக்காவலர். மேட்டு ஏரியின் மடைக்கதவு அந்த ரத்தத்தில் வந்தவர் கை பட்டால்தான் திறக்கும். நாற்பது வருடமாக யாரும் கிடைக்கவில்லை. கீழ்த்தெருக்காரர்கள் தள்ளுவண்டியில் தண்ணீர் இழுத்தார்கள். அக்கா வீடும் அங்கேதான். இடுப்பில் அடிபட்ட அவர் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

உரிமை கேட்டு வருகிறவர் செம்புக் கிண்ணத்துத் தண்ணீரில் கை வைக்க வேண்டும். உண்மையான வாரிசு என்றால் தண்ணீர் நீலமாகும். இது எழுத்தருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வெளியே தெரிந்தால் ஆளாளுக்குச் சாயம் தடவிக்கொண்டு வந்துவிடுவார்களே! பட்டு அங்கியும் பரம்பரைப் படமுமாக எத்தனையோ பேர் வந்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

சாயங்காலம் அக்கா பின்கட்டில் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்து நிற்பார்.

“தம்பி, இது நீலமா சாயம் விடுது. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.”

“செம்புன்னா களிம்பு ஏறத்தான்க்கா செய்யும். சாம்பல் போட்டுத் தேயுங்க.”

அக்கா வேலைக்கு வந்த பதினோரு வருடத்தில் மூன்று கிண்ணம் மாற்றினோம். மூன்றுக்கும் காரணம் ‘களிம்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மகராசன் நான்தான்.

வாரிசைத் தேட அரசாங்கம் கொடுத்த கெடுவின் கடைசி நாள் வந்தது. பொழுது சாய்வதற்குள் வாரிசு வராவிட்டால் மடையைச் சுவர் வைத்து அடைத்துவிடுவார்கள். அதோடு அலுவலகத்தையும் மூடிவிடுவார்கள் என்று நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பின்கட்டுத் தொட்டி வறண்டிருந்ததால், அக்கா குடிதண்ணீரில் கொஞ்சம் ஊற்றி என் மேஜையிலேயே கிண்ணத்தைக் கழுவினார்.

“பாருங்க, இந்தப் புதுக் கிண்ணமும் சாயம் விடுது. கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்.”

எட்டிப் பார்த்தேன். பளிச்சென்ற நீலம். வேறு தண்ணீர் ஊற்றி நான் கை வைத்தேன், ஒன்றுமில்லை. அக்காவை வைக்கச் சொன்னேன். விரல் பட்டதுமே நீலம் பரவியது. பதினோரு வருடமாக இவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நானோ பட்டு அங்கி வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

“அக்கா, உங்க அம்மா அப்பா யாரு?”

“அப்பா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர். அம்மா அவரைத் திட்டுறவங்க. ஏன்?”

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

“அப்போ மடை திறக்குமா?”

பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரும் மேட்டுக்கு ஓடினோம். கொத்தனார்கள் செங்கல்லை அடுக்கிவைத்துச் சூரியன் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஈரக் கையைக் கதவில் வைத்தார். அது முனகிக்கொண்டே திறந்தது.

நாங்கள் கீழ்த்தெருவுக்கு வந்தபோது தண்ணீர் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு, காலிக் குடம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

அக்கா அவர் தோளில் கை வைத்தார்.

“எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். நாளைக்கு விடிஞ்ச பிறகும் நீங்க தூங்கலாம்.”