வலிக்கிற பக்கம்

சுந்தரராமனின் ஓய்வூதிய மருத்துவ அட்டையில், மனைவி சரோஜத்தின் படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறது: "தொழில்: இல்லை. நிலை: கணவரைச் சார்ந்திருப்பவர்." அட்டை தபாலில் வந்தபோது சரோஜம் வாசலில் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கணவர் அவர் கேட்ட ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார்.

ராணுவம் போதுமென்று ஏலத்தில் தள்ளிய ஜீப் அது. நான்கு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று வாங்கியவர் சுந்தரராமன்தான். முதல் வாரமே கம்பீரம் எதிர்வீட்டு மதிலில் போய் முட்டியது. சாவியை மனைவியிடம் கொடுத்தவர் திரும்பக் கேட்கவில்லை. சரோஜம் ஓட்டக் கற்றார், ஆயில் மாற்றக் கற்றார், பிரேக் ஷூவைச் சரிசெய்யவும் கற்றார். தாம் திருப்பினால் திரும்புகிற பொருள் வீட்டில் அது ஒன்றுதான் என்பார்.

வெள்ளிக்கிழமை பதிவைப் புதுப்பிக்கும் சோதனை. பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று சுந்தரராமன் சொல்லியிருந்தார். எதிலும் அபிப்பிராயம் இல்லாத அவர் இதில் மட்டும் உறுதியாக இருந்தார். மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியோ, பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் ஓடியது.

கரமனையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் சத்தியதாஸுக்குச் சரோஜம் போன் செய்தார். "பிரேக் சவுட்டினா இடது பக்கம் வலிக்கறது" என்றார். சத்தியதாஸ் வந்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஷூவைத் தேய்த்து, டிரம்மைத் துடைத்துப் பூட்டிவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகப் பாறசாலைக்குப் போனார். வண்டி முன்னைவிட உற்சாகமாக இடது பக்கம் பாய்ந்தது.

புதன்கிழமை சென்னையிலிருந்து மகள் சுப்ரியா கூப்பிட்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட், எல்லோருக்கும் எங்கேயாவது வலிக்கும் என்று நம்பிப் பிழைக்கிறவள். போனை எடுத்த சுந்தரராமன், அம்மா கவலையாக இருக்கிறாள், இடது பக்க வலி போகவில்லை, சத்தியதாஸ் பார்த்தும் பிரயோஜனமில்லை என்றார். அப்படியொரு டாக்டரைச் சுப்ரியா கேள்விப்பட்டதில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"எப்பம்மா வலிக்கறது?"

"வேகமா போயிண்டிருந்து சட்டுனு நிக்கறச்சே."

"வலது பக்கம்?"

"அதுக்கு ஒண்ணுமில்லைடி. அது பாட்டுக்கு இருக்கு."

"ஒண்ணுமே தெரியலையா? அம்மா, வலிக்கற பக்கத்துக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் தெரியாத பக்கத்தைத்தான் மொதல்ல பாக்கணும். நீ அசையாம உக்காரு, நான் டிக்கெட் போடறேன்."

சரோஜம் உட்காரவில்லை. "ஜீப்புக்குடி" என்று சொல்லி, போனைக் கணவரிடம் தந்துவிட்டு, ஜாக்கியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனார்.

வலது டிரம்மைக் கழற்றியதும் கணவரை அழைத்தார். "ஏறி உக்காந்து பிரேக்கை மெதுவா சவுட்டுங்கோ."

"ஓடிடாதே?"

"சாவி என்கிட்டேயாக்கும்."

அவர் மிதித்தார். ஷூ இரண்டும் அசையவில்லை. ஷூவைத் தள்ள வேண்டிய வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. வலது சக்கரம் பிடிக்கவே இல்லை. பிடித்த இடது சக்கரம் வண்டியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

கல்யாணப் பந்தியில் இருந்த சத்தியதாஸிடம் சரோஜம் போனில் இதைச் சொன்னார். அவர், "மாமி, எங்க வீட்டுலயும் தமிழுதான். வலின்னா நோவுன்னுல்லா நெனச்சேன்" என்றார். அவர் வீட்டிலும் தமிழ் என்பது சரோஜத்துக்குப் புதுச்செய்தி. மலையாள ஊரில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவரை மலையாளி என்று நினைத்து, இழுக்கிறது என்கிற மலையாள அர்த்தத்தில் 'வலிக்கறது' என்ற சொல்லைப் போட்டிருந்தார். அவரோ, அக்கிரகாரத்து மாமி பேசுவது தமிழ்தானே என்று தமிழாகவே எடுத்துக்கொண்டார். இருவரும் காட்டிய மரியாதையில் ஆரோக்கியமான சக்கரத்துக்கு வைத்தியம் நடந்துவிட்டது.

சிலிண்டருக்கான ரப்பர் கப் வாங்க, ஜீப் தொலையட்டும் என்று இருந்த சுந்தரராமனே கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினார். தப்பான அளவில் வாங்கிவந்தார். மறுபடி போய்ச் சரியானதை வாங்கிவந்தார். வியாழன் காலை அவர்கள் இருந்த வலியசாலைத் தெரு முழுக்கச் சரோஜத்தின் குரல் கேட்டது: "சவுட்டுங்கோ. பிடிச்சுக்கோங்கோ. ம், விடுங்கோ." பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்திருந்த காற்று குமிழ்குமிழாக வெளியேறியது. சுந்தரராமன் சொன்னபடி மிதித்தார், பிடித்தார், விட்டார்.

சோதனையில் அதிகாரி கையைத் தூக்கியதும் சரோஜம் பிரேக்கை மிதித்தார். வண்டி கோடு போட்டாற்போல் நேராக நின்றது. இந்த வயது வண்டியை இத்தனை நன்றாக வைத்திருக்கிறீர்களே என்று அதிகாரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரராமனைப் பாராட்டினார்.

"நான் சவுட்டினேன், அவ்வளவுதான்" என்றார் சுந்தரராமன்.

மற்றதைச் செய்தவர் சரோஜம். வலது முன்சக்கரத்து டிரம்மைத் திறந்தார், துருவில் சிக்கிய பிஸ்டனை எடுத்துத் தேய்த்தார், புதுக் கப் போட்டார், காற்றை வெளியேற்றினார், வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார்.