பூநாரை பார்க்க ரெண்டே பேர்

எங்கள் ஊரில் மூன்று காரியத்துக்குத்தான் கார் வாடகைக்குக் கேட்பார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, அப்புறம் கோயிலோ தர்காவோ. பறவை பார்க்கப் போக வேண்டும் என்று என்னிடம் கார் கேட்ட ஒரே ஆள் அஃப்ஸர் ஜஹான்தான்.

அதைக் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஓட்டுகிறேன். அது போக, வாடகைக்கு விடச் சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருக்கிறேன். அன்றைக்கு மற்ற பெண்கள் எல்லாரும் இறங்கி உள்ளே போகும்வரை துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல் நின்றிருந்தவள், என் பக்கம் குனிந்து, "அண்ணா, உங்க கார் வேணும். ரெண்டே பேரு. தேவகி அண்ணிகிட்டகூட சொல்லாதீங்க" என்றாள். தேவகி என் மனைவி. அவளிடம் சொன்னால் ஆம்பூருக்கே சொன்ன மாதிரிதான் என்பது எனக்கும் தெரியும். அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

அஃப்ஸர் பேரணாம்பட்டுப் பெண். எனக்குத் தங்கச்சி மாதிரி. கட்டிக்கொண்டு இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் சேர்ந்தவள், இப்போது அதே லைனில் செக்கர். தையல் கொஞ்சம் கோணினாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். வீட்டில் அப்படி எதையும் ஓரமாக வைக்க முடியாது. மாமியார், அண்ணி முறையில் 'பாபி' என்று கூப்பிடும் ரெண்டு கொழுந்தனார் குடும்பம், அவர்கள் பிள்ளைகள் என்று மூன்று அறைக்குள் ஒரு பட்டாளம். மகள் அஃப்ஷாவை வாணியம்பாடியில் கொடுத்தார்கள். அவள் படுத்திருந்த மூலையில் மறுவாரமே கொழுந்தனாரின் தையல் மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேனில் அவளுக்கு எனக்குப் பின்னாலுள்ள ஜன்னல் சீட். நல்ல மழை பெய்த வருஷங்களில் ஏரி ஓரமாகப் போகும்போது, "அண்ணா, கொஞ்சம் ஸ்லோ" என்பாள். வாத்து, நாரை, நீர்க்காகம் என்று தண்ணீர் மேல் கூட்டமாக இருக்கும். பாதிக்கு மேல் பெயர் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "போன வருஷத்த விட ஜாஸ்தி வந்திருக்குதுண்ணா" என்பாள், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்த மாதிரி. பின்னாலிருந்து மற்றவர்கள் கம்பெனி கேட்டில் கார்டு பஞ்ச் பண்ண லேட்டாகிறது என்று கத்துவார்கள்.

அவள் பார்க்க ஆசைப்பட்டது இந்த ஏரிப் பறவைகளை இல்லை. பூநாரையை. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் அவள் வீட்டுக்காரர் முக்தார் அகமது. தோலுக்கு நிறம் ஏற்றும் ஃபினிஷிங் யூனிட்டில் கலர் மாஸ்டர். வாயைத் திறந்தால் வரி போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். கல்யாணமான புதிதில் லேடீஸ் ஷூவுக்கு ஒரு இளம் ரோஸ் நிறத்தில் ஆர்டர் வந்திருக்கிறது. அந்த நிறத்துக்குப் பூநாரையின் பெயரைத்தான் வைத்திருந்தார்களாம். மனிதர் அந்தத் தோலில் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, இந்த நிறத்தில் ஒரு பறவை இருக்கிறது, குளிர் மாதத்தில் பழவேற்காட்டுக்கு வரும், உனக்குக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "அவரா வாயத் தொறந்து சொன்ன ஒரே வார்த்த அதாண்ணா" என்பாள்.

இதில் ஒரு வம்பு. பூநாரை வருவதும் மார்கழி, தையில். வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள் ஊர்க் கோடையில் போடப்போகிற ஷூவுக்கு எங்கள் ஊர் ராப்பகலாக உழைப்பதும் அதே மார்கழி, தையில். வெளியே போக வர ஏற்ற இதமான காலம் எங்களுக்கு அது ஒன்றுதான். பறவை திரும்பிப் போனபிறகுதான் முக்தார் பாய்க்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரும். அப்போது எங்கள் பக்கத்து வெயிலில் காக்காய்கூட வெளியே தலைகாட்டாது.

இன்னொரு வம்பும் உண்டு. எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் மட்டும் வண்டியேறினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மற்றபடி எங்கே போனாலும் வேன் நிரம்பித்தான் ஆக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பாய்க்கு லீவு கிடைத்து, விஷயம் வெளியே தெரிந்து, வீடு மொத்தமும் பிரியாணி அண்டாவோடு ஏறிவிட்டது. அவ்வளவு தூரம் போகிறோமே, நெல்லூர்ப் பக்கத்துத் தர்காவையும் பார்த்துவிடலாம் என்று மாமியார் சொல்ல, வண்டி நேராக அங்கே போய்விட்டது. பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்டாவைக் கழுவிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். போக வர அவர் முன்சீட்டில், இவள் கடைசி சீட்டில்.

"பறவ ஒரு சாக்குண்ணா" என்று கார் கேட்ட அன்றைக்கு என்னிடம் பட்டென்று சொன்னாள். "ஒரு நாள் அவரு பக்கத்துல உக்காந்து பேசணும். நடுவுல யாரும் 'பாபி, பாபி'ன்னு கூப்புடக் கூடாது. அவ்ளோதான்."

அதைக் கேட்டபிறகு நான் முடியாது என்பேனா? காணும் பொங்கலன்று போனால் பறவையைப் பார்க்க முடியாது, மெட்ராஸ் ஜனத்தைத்தான் பார்க்கலாம், மாட்டுப் பொங்கலன்றே போய்விடலாம் என்றேன். நல்ல நாளும் அதுவுமாக எங்கே கிளம்பிவிட்டாய் என்று தேவகி என்னைப் பிடித்த பிடி இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

விடிந்தும் விடியாமல் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினால், அஃப்ஸருக்குப் பக்கத்தில் ஓரகத்தி ரெண்டு பிள்ளைகளோடு பளபளவென்று நிற்கிறாள். கையில் டிபன் கேரியர். யார் போட்டுக் கொடுத்தார்களோ, தெரியவில்லை. அஃப்ஸர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வராதே என்று அவளால் சொல்லவும் முடியாது.

நான் இறங்கிப் பின் டயரை ஒரு உதை உதைத்தேன். "ரெண்டும் தேஞ்சி கெடக்குதும்மா. மூணு பேருக்கு மேல ஏறுனா பைபாஸ்ல இன்னா ஆவும்னு நான் கியாரண்டி குடுக்க மாட்டேன். அப்புறம் என்ன கேக்கக் கூடாது."

ஓரகத்தி டயரைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். போன மாதம் மாட்டிய புது டயர் அது. அதன்மேல் அப்படி ஒரு பழி.

முக்தார் பாயை யூனிட் வாசலில்தான் ஏற்றிக்கொண்டோம். பொங்கலுக்கு எங்கள் ஆட்கள் வீட்டில் இருக்கட்டும் என்று பாய்மார்கள் ஷிப்டைப் பார்த்துக்கொள்வார்கள். ரம்ஜானுக்கு நாங்கள் பார்ப்போம். இந்த ஒரு நாள் லீவுக்காக அவர் போகியிலிருந்து ராத்திரி ஷிப்டையும் சேர்த்து இழுத்துப் பார்த்திருக்கிறார். நகக்கண்ணில் இன்னும் சாயம் இருந்தது. கதவைத் திறந்து பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அஃப்ஸருக்குக் கல்யாணப் பெண் மாதிரி வெட்கம்.

மாதனூர் தாண்டும்போது அவள் என்னவோ கேட்டாள். அவர் "ம்" என்றார். பள்ளிகொண்டா டோல்கேட்டில் அந்த "ம்"மும் வரவில்லை. தூங்கிவிட்டார். வேலூர், ராணிப்பேட்டை எல்லாம் போயின. ஸ்ரீபெரும்புதூரில் டீக்கு நிறுத்தினேன், எழுந்திருக்கவில்லை. பொன்னேரி ரோட்டுப் பள்ளம் மேட்டில் தலை சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. அப்போதும் முழிப்பு இல்லை.

பழவேற்காட்டில் ஏரிக்கரை ஓரம் ஒரு மர நிழலில் காரை நிறுத்தினேன். காற்று சில்லென்று வந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த மீனவரிடம் கேட்டதற்கு, கரைமேல் கொஞ்ச தூரம் நடந்தால் பூநாரை கிட்டத்தில் தெரியும், வெயில் ஏறினால் தூரம் போய்விடும் என்றார்.

"பாய எழுப்பட்டுமாம்மா?"

"வேணாண்ணா."

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

"இவரு தூங்கி நான் பாத்ததே கம்மிண்ணா. சீசன் வந்தா அவரு தூங்குறப்போ நான் டூட்டில இருப்பேன், நான் தூங்குறப்போ அவரு டூட்டில இருப்பாரு. பாருங்களேன், பச்சப்புள்ள மாதிரி வாயத் தொறந்துகினு..." என்று சிரித்தாள். தோளை மட்டும் அசைக்கவில்லை. நீங்களாவது போய்ச் சுற்றிப் பாருங்கள் என்று என்னைத் துரத்திவிட்டாள்.

ஆக, டூர் வந்தவன் நான் ஒருத்தன்தான். டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் போனேன். வாசல் தூணிலேயே எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே கல்லுக்குக் கீழே புதைத்திருப்பதாக அங்கே ஒருத்தர் காட்டினார். செத்த பிறகாவது தனியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிழலை வைத்து மணி பார்க்கும் கல் இருக்கிற சின்னப் பள்ளிவாசலையும் வெளியே நின்று பார்த்தேன். பாங்கு சொன்னார்கள். திரும்பி வந்து, தொழுகைக்காவது எழுப்பலாமே என்றேன். "எழுந்ததும் தொழுதுப்பாரு. தூங்குறவர் மேல குத்தம் கெடையாதுண்ணா" என்றாள்.

அப்போதுதான் மீனவர் கையைக் காட்டினார். தண்ணீருக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இதற்கா இந்த ஆட்டம், வெறும் வெள்ளைதானே என்று நான் நினைத்த நேரத்தில் கூட்டம் மொத்தமும் எழும்பியது. இறக்கைக்கு அடியில் ரோஸ். வானத்தில் ரோஸ் துணியை உதறின மாதிரி எங்கள் தலைக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் போயின.

"அஃப்ஸர், பாரும்மா! மேல பாரு!" என்று கத்தினேன்.

அவள் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு காட்றேன்னு சொன்னதுண்ணா. நான் தனியா பாத்துட்டா, அப்புறம் அவரு எனக்கு இன்னாத்த காட்டுவாரு?"

பறவை மேல் ஒரு ஆசையும் இல்லாத தடியன் நான் பார்த்துவிட்டேன். காலமெல்லாம் ஆசைப்பட்டவள் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் முக்தார் பாய் திடுக்கிட்டு எழுந்தார். தண்ணீரைப் பார்த்தார். ஓரத்தில் நாலு கொக்குதான் நின்றன. ஏன் எழுப்பவில்லை என்று உருதுவில் கேட்டார். இத்தனை வருஷம் இந்த ஊரில் வண்டி ஓட்டியதில் எனக்கு அந்தப் பேச்செல்லாம் புரியும். "பக்கத்துலதானே இருந்தேன்" என்றாள் அவள். போய்த் தொழுதுவிட்டு வந்து கரையில் வெகுநேரம் நின்றார். வீட்டில் தேடுவார்கள், கிளம்பலாம் என்று அவளேதான் கூப்பிட்டாள்.

பொன்னேரி தாண்டியதும் மனிதர் பேச ஆரம்பித்தார். இருபது வருஷப் பேச்சு. அந்த முதல் ரோஸ் நிறம் சரியாக வராமல் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதில் ஆரம்பித்தார். அஃப்ஷா புருஷன் வீட்டுக்குப் போன அன்று யாருக்கும் தெரியாமல் யூனிட் பின்பக்கம் போய் அழுததையும் சொன்னார். அஃப்ஸர் சிரித்தாள், ஒரு இடத்தில் அழுதாள், திரும்பச் சிரித்தாள். நான் பாட்டை நிறுத்திவிட்டேன். லாரிக்காரர்கள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போனார்கள். அப்படியும் ஆம்பூர் போர்டு வந்துவிட்டது. பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. ஊருக்குள் போகிற ரோட்டில் திருப்ப இண்டிகேட்டர் போட்டேன்.

என் தோளில் கை விழுந்தது. "அன்பு, உள்ள திருப்பாத. நேரா போ."

"நேரா போனா வாணியம்பாடி, பாய். அஃப்ஷா வீட்டுக்கா?"

"யார் வீட்டுக்கும் இல்ல. போவட்டும்."

ஊர் விளக்கெல்லாம் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. மாமியார். எங்கே இருக்கிறீர்கள், சோறு ஆறுகிறது என்று பாயின் அம்மா கேட்பது என் சீட் வரைக்கும் கேட்டது.

"பழவேற்காட்லதான் இருக்கோம், அம்மி" என்றார் முக்தார் பாய். "இவ இன்னும் பறவைய பாத்து முடிக்கல."