பல்லி நடந்த விளிம்பு

என் தம்பியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பல்லி என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். இடுப்பில் கயிற்றைக் கட்டி, தொங்கும் பலகையில் உட்கார்ந்து, சுவரோடு சுவராகவே வாழ்ந்தவன். எட்டாவது மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்து, உள்ளே நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணிவிட்டு வந்ததாகக் கதை விடுவான். வாய்க்கொழுப்பு எங்கள் குடும்பச் சொத்து. எனக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

போன வருஷம் கயிறு அறுந்தது. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தான். உடைந்த கால் ஒட்டிக்கொண்டது. ஆனால் மறுபடி வேலைக்குப் போனவன், மொட்டைமாடி வரை ஏறிவிட்டு, பலகையில் இறங்க வேண்டிய நேரத்தில் கைகால் உதறித் திரும்பி வந்தான். அடுத்த தடவையும் அதே கதை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். அவனுக்கு வேறு வேலை தெரியாது. உள்சுவர் அடிக்க மேஸ்திரியின் சொந்தக்காரர்களே க்யூவில் நிற்கிறார்கள்.

உயரத்தைக் கண்டு பயம் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். பயம் தெளியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மலைவிளிம்புப் பாதைக்குக் கூட்டிப்போனது அவன் பெண்டாட்டியின் யோசனை. சாப்பாட்டு மூட்டையைச் சுமந்தது நான். அவர்களுடைய சின்ன மகளும், பல்லியின் மச்சானான அவள் தம்பியும் வந்தார்கள். மச்சானுக்கும் அதே வேலைதான், பல்லிக்குப் பக்கத்துக் கயிற்றில் தொங்குகிறவன்.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் பாறையைக் கட்டிப்பிடித்தபடி நகர்ந்தேன். தம்பியோ மகளை உள்பக்கம் விட்டு, விளிம்பிலேயே நடந்தான். குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். ஒரு கல்லை உதைத்துவிட்டு, அது விழும் சத்தத்தைக் கேட்டான்.

"அக்கா, கீழ பாக்காத. பாறைக்கு முத்தம் குடுத்துக்கிட்டே வா."

பழைய வாய். அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சரியாயிட்டாரு அண்ணி," என்றாள். நானும் நம்பினேன். வந்த சந்தோஷத்தில் பாறையிலிருந்து கையைக்கூட எடுத்துவிட்டேன்.

ஓரிடத்தில் பாதை ஓரடியாகக் குறுகி, நீர் கசிந்து வழுக்கியது. மச்சான் பையிலிருந்து வேலைக் கயிற்றை எடுத்தான். அவனை எப்படிக் குறை சொல்ல? கயிறு கட்டாமல் ஓரத்தில் நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் தொழிலின் முதல் பாடம்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு, மாமா." தம்பியின் இடுப்பில் முடிச்சைப் போட்டு, பழக்க தோஷத்தில் ஒரு இழு இழுத்துப் பார்த்தான்.

அந்த இழுப்பில் தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து, பல் கிட்டிக்கொண்டது. பேண்ட் நனைந்தது. பின்னால் வேறொரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. மகள் வாய் திறப்பதற்குள் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் மடியில் கவிழ்த்தேன். "கை தவறிடுச்சுடா," என்றேன் சத்தமாக. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மச்சான் முடிச்சை அவிழ்த்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. திரும்பிப் போகலாம் என்றேன். வரும்போது என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது அவன்தான். ஓரத்தில் அவன், உள்பக்கம் நான். ஓரிடத்தில்கூட அவன் கால் தடுமாறவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு விளங்கியது. உயரம் அவனை ஒன்றும் செய்யவில்லை. கயிறுதான். கயிறு இல்லாமல் அந்த வேலையே கிடையாது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மேஸ்திரிகிட்ட என்ன சொல்ல, மாமா?"

"உயரத்துல எனக்குப் பயமில்லேன்னு சொல்லு. கயிறு கட்டாம ஏத்துவாரான்னு கேளு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். சரி என்று யாராவது சொன்னால் நாளைக்கே ஏறிவிடுவான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேக்காதடா," என்றாள் தன் தம்பியிடம். "வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடு."