தள்ள ஆள் இருந்த கார்

முத்துகிருஷ்ணன் பண்ணையில் காரைக் கிளப்ப நாலு பேர் வேண்டும். ஓட்ட ஒருவன், தள்ள மூன்று பேர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் யாரிடமோ பழசாக வாங்கிய கறுப்புக் கார் அது. பகலில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சாவியைத் தொட்டாலே உறுமும். கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், விடியற்காலையில் அதற்கு முரண்டு வந்துவிடும். உடனே சேரிக்கு ஆள் போகும். மூன்று பேர் குடித்துக்கொண்டிருந்த கூழைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து, களத்துமேட்டுச் சரிவு வரைக்கும் தள்ளுவார்கள். கார் புகையை அவர்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போவார்கள்.

இப்படி மூன்று வருஷம். என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்போது பண்ணைக்காரர் எதற்குக் கேட்கப்போகிறார்? பெயருக்கு இரண்டு தடவை காஞ்சிபுரத்துப் பட்டறைக்கு அனுப்பினார். போய்ச் சேருவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும். பட்டறைக்காரன் சாவியைத் திருப்புவான், உடனே கிளம்பும். "வண்டி நல்லாத்தான் கீது" என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

ஓட்டுகிறவன் வேதகிரி. அதே பண்ணையில் ஏர் ஓட்டியவரின் மகன், அதே காரைத் தள்ளியவன். பழைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட நாளில், வேறு ஆள் அகப்படாமல், அவரிடம் கொஞ்சம் ஓட்டப் பழகியிருந்த இவன் கையில் சாவி வந்தது. சேரியிலேயே காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள். அந்தச் சட்டை மேல் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவன் பெண்சாதி செங்கேணிக்கு மட்டும் அதைக் கண்டால் சிரிப்பு.

"மூணு பேரு தள்ளித்தான் போவணும்னா அதுக்கு எதுக்குய்யா பெட்ரோலு? ரெண்டு மாட்ட கட்டிட வேண்டியதுதானே."

"உனுக்கு இன்னாடி தெரியும், அது இங்கிலீஷ் மிஷினு" என்பான் வேதகிரி. அவனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். பழைய டிரைவர் சொல்லிக்கொடுத்தபடி, குளிர்காலத்தில் சோக் என்கிற குமிழை வெளியே இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். தினமும் இழுத்தான். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஐம்பத்தாறு மார்கழியில் செங்கேணிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது. விடியும்போது மருத்துவச்சி சிட்டம்மாள் குடிசைக்கு வெளியே வந்து கையை விரித்துவிட்டாள்.

"கொயந்த குறுக்கால கீதுடா. என்னால ஆவாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ."

வேதகிரி பண்ணைக்கு ஓடினான். பண்ணைக்காரர் மறுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "எடுத்துனு போடா, நிக்காத" என்றார்.

குமிழை இழுத்தான், சாவியைத் திருப்பினான். கார் முக்கியது, முனகியது, பேட்டரி ஓய்ந்துபோனது. முன்னால் கைப்பிடியைச் செருகித் தோள் கழன்றுவிடும்போலச் சுற்றினான். தள்ளுகிற ஆட்களைத் தேடினால், ஆண்கள் அத்தனை பேரும் முந்தின நாளே சாலவாக்கத்துக்கு அறுப்புக்குப் போயிருந்தார்கள். சேரிப் பெண்கள் ஓடிவந்து தள்ளினார்கள். ராத்திரி பெய்த மழையில் களத்துமேடு சேறாகிக் கிடந்தது. சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். மாட்டு வண்டி கட்டினால் செங்கல்பட்டு போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். கடைசியில் சிட்டம்மாள் பிரசவத்துக்கு என்று காய்ச்சி வைத்திருந்த வெந்நீரையே கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினார்கள். பற்றவில்லை. இன்னும் இரண்டு அண்டா காய்ச்சி ஊற்றி, வெயிலும் ஏறிய பிறகு ஒரு சுற்றில் கிளம்பிற்று. அதற்குள் இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிழைத்தது. செங்கேணி பிழைக்கவில்லை.

"ஏம்பா இவ்ளோ லேட்டு?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"வண்டி கெளம்பலம்மா" என்றான்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சேரிக்கு ஆள் அனுப்பவில்லை. குமிழை முழுக்க இழுத்து வைத்துவிட்டு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தான். வெந்நீர் ஊற்றினால் கிளம்புகிறது, ஆறினால் மறுக்கிறது. அப்படியென்றால் குளிருக்கென்று வைத்த சோக்தான் வேலை செய்யவில்லை என்று பதினாறு நாளாக யோசித்து வைத்திருந்தான். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரின் வாயைத் திறந்து பார்த்தான். குமிழை இழுத்ததும் காற்றை அடைத்து மூடியிருக்க வேண்டிய தகடு ஆவென்று திறந்து கிடந்தது. குமிழ் வந்தது, கம்பி வந்தது, தகடு வரவில்லை. கம்பியைத் தகட்டோடு பிடித்திருக்க வேண்டிய திருகாணி தளர்ந்திருந்தது. மிளகு அளவுகூட இல்லாத திருகாணி.

இரண்டு சுற்றுச் சுற்றி முடுக்கினான். பேட்டரிக்குச் சிரமமே இல்லை, முதல் திருப்பில் கிளம்பியது.

சத்தம் கேட்டு வெளியே வந்த பண்ணைக்காரர், "பரவால்லடா, இனிமே யாரையும் கூப்ட வேணாம்" என்று சந்தோஷப்பட்டார். வேதகிரி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதமே டிரைவர் வேலையை விட்டான். உத்திரமேரூரில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்று, பிறகு தனியாக ஒரு கொட்டகை போட்டான். காலையில் கிளம்பாத வண்டி என்று யாராவது ஓட்டிவந்தால், அன்றைக்குத் தொடமாட்டான். "வுட்டுட்டுப் போங்க, ஆறட்டும். காத்தால பாக்கறேன்" என்பான். பிகு செய்கிறான் என்று சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவான்.

மகளுக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தான். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா எப்படிச் செத்தாள் என்று அவள் கேட்கும்போதெல்லாம், நர்ஸம்மாவுக்குச் சொன்னதையே சொன்னான்: வண்டி கிளம்பவில்லை. ஊரே அப்படித்தான் சொன்னது, காரைத்தான் திட்டியது. பத்து வயதில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வேறு மாதிரி கேட்டாள்.

"நைனா, அந்தக் காருக்கு அப்போ இன்னா ஆயிருந்துச்சு?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் ஆவலம்மா. ஒரு திருகாணி லூசா இருந்துச்சு. மூணு வருசமா லூசாவே இருந்துச்சு. தள்றதுக்கு ஆளு இருந்தாங்க, நான் தொறந்து பாக்கல."

கண்ணகி சோற்றைப் பிசைந்தாள்.

"பாத்திருந்தா அம்மா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்" என்றான் வேதகிரி.