மூட்டையின் அடியில் கை விடுகிறவள்

என் வீட்டுக்காரிக்குப் பெயர் மகாராணி. பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். மலையிலிருந்து வருகிற காயில் உள்ளே விதையில்லாத பொக்கையையும் கறுத்ததையும் வெடித்ததையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுவதுதான் அவள் சோலி. மூட்டை வந்து இறங்கினால் மற்றவர்கள் மேலே கிடக்கிற காயை அள்ளிப் பார்ப்பார்கள். இவள் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். மேலாப்பில் நல்ல காயைப் பரப்பிவிட்டு அடியில் பொக்கையைத் தள்ளியிருப்பான் என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். ஒரு புள்ளிகூட இல்லாமல் மூட்டை முழுக்க ஒரே பச்சையாக இருந்தால் இன்னும் மோசம். சாயம் போட்டிருப்பான் என்று நாலு காயை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, தண்ணீர் பச்சையாகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

கடையில் இது நல்ல குணம். வீட்டில் இதை வைத்துக்கொண்டு மனுசன் குடித்தனம் நடத்த முடியுமா? நான் ஜீப்பு ஓட்டுகிறவன். விடிவதற்குள் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவேன். ஒரு நாள் குரங்கணி ரோட்டில் யானை நின்றது, அதனால் தாமதம் என்று சொன்னேன். “எந்த வளைவுல நின்னுச்சு? கொம்பு இருந்துச்சா?” என்று கேட்டாள். மறுநாள் ஜக்கையனிடம் போய் அதையே விசாரித்திருக்கிறாள். ஜக்கையன் எனக்குப் பின்னால் இன்னொரு ஜீப்பு ஓட்டிக்கொண்டு வந்தவன். அவனும் கொம்பு இருந்தது என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு போட்டாள்.

ஆனால் ஒரே ஒரு தடவை அவள் மூட்டையின் அடியில் கை விடவில்லை. மூத்தவள் பானுப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் அது. கம்பத்துப் பக்கம் நல்ல குடும்பம். பையன் வாயைத் திறந்தால் தேன். அத்தை, மாமா என்று சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு சொல் உரக்கப் பேச மாட்டான். மகாராணி ஏதோ இடிக்கிறதே என்றாள். அவள் அண்ணன்மார்களெல்லாம் கூடி, தங்கமான பையனைக் குறை சொல்லாதே என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள். அந்தத் தங்கம், கல்யாணம் முடிந்த மறுமாசமே கையை ஓங்கியது. பானு இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இடது மணிக்கட்டை இன்றைக்கும் முழுசாகத் திருப்ப முடியாது.

இந்த நேரத்தில்தான் இளையவள் சூர்யகலா சென்னையிலிருந்து போன் போட்டு, “அம்மா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு” என்றாள். பெயர் செழியன். வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் சென்னையைச் சுற்றிக் காட்டுகிற வேலை. அவன் கம்பெனி, கலா வேலை பார்க்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அப்படிப் பழக்கம். “ரொம்ப நல்லவரும்மா, ஒரு குறை சொல்ல முடியாது” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மகாராணியின் முகம் சாயக் காயைப் பார்த்த முகமாக மாறிவிட்டது.

போனை வைத்ததும், “ஏங்க, நாம போய் அந்த வேன்லயே ஏறுவோம்” என்றாள்.

“என்னான்னு சொல்லி ஏற?”

“ஊர் சுத்திப் பாக்க வந்தவுகன்னு. கலாகிட்ட மூச்சு விடக் கூடாது. நான் முன்னாடி உக்காருவேன். நீங்க கடைசி சீட்டு. நீங்க யாரோ, நான் யாரோ.”

“கலா போன்ல நம்ம போட்டோவைப் பாத்திருப்பானே?”

“போட்டோவுல நான் என்னைக்கு என்னை மாதிரி இருந்திருக்கேன்?” என்றாள். அதுவும் சரிதான்.

அடுத்த வீட்டுக் கருத்தம்மாவின் மகள் போனிலேயே அந்த வேனில் தனித்தனியாக இரண்டு சீட்டுப் போட்டுக் கொடுத்தாள். மகாராணிக்குக் கருத்தம்மா என்று பெயர். எனக்கு என் பெயரே. உலகத்தில் எத்தனையோ சின்ராசு இருப்பான் என்று விட்டுவிட்டாள். போடியிலிருந்து நேராகச் சென்னைக்கு இப்போது ரயில் போகிறது, சிரமமில்லை. புறப்படும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பார்த்தால் ஏதோ டீச்சர் வீட்டம்மா மாதிரி இருந்தாள்.

காலையில் சென்ட்ரல் பக்கத்திலேயே வேன் நின்றது. வாசலில் பேரைப் பார்த்துக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருந்தவன்தான் செழியன். ஒல்லியாக, வெயிலில் கறுத்த முகத்தோடு இருந்தான். “கருத்தம்மா யாரு? கருத்தம்மா!” என்று கத்துகிறான், இவள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் பின்னால் நின்று இருமு இருமு என்று இருமினேன். அப்புறம்தான் தன் பெயர் நினைவுக்கு வந்து, “இந்தா, நான்தேன்” என்று ஓடினாள். அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கையைக் கொடுத்துத் தூக்கி ஏற்றி, முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்தான்.

சென்னையை நான் பார்த்தேன். கோட்டையைப் பார்த்தேன், மயிலாப்பூர்க் கோபுரத்தைப் பார்த்தேன், பாலத்துக்கு மேல் பாலம் போகிறதைப் பார்த்தேன். மகாராணி எதைப் பார்த்தாள்? கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தால் இவள் அவன் காலைப் பார்க்கிறாள். போன் வந்தால் யார் என்று காதைத் தீட்டிக்கொள்கிறாள். அவன் டீ குடித்துவிட்டு ஓரமாகப் போனால் வாயை மோந்து பார்க்காத குறையாகப் பின்னாலேயே போகிறாள். தலைநகரத்துக்கு வந்து இப்படி ஒரு மனுசனை மட்டும் சுற்றிப் பார்த்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவனும் அவளை அப்படிக் கவனித்தான். வெயில் ஏறியதும் தன் குடையை எடுத்துக் கொடுத்தான். பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று தெரிந்து, அவனாகவே ஒரு சுத்தமான இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, “அம்மா, இங்க போயிட்டு வந்துடுங்க” என்றான். மத்தியானச் சாப்பாட்டில் அவள் இலைக்கு இரண்டாம் தடவை ரசம் வந்ததா என்று எட்டிப் பார்த்தான். கை கழுவுகிற இடத்தில் அவள் என் பக்கத்தில் வந்து, உதட்டை அசைக்காமல், “நல்லாத்தேன் இருக்கான்” என்றாள். அடுத்த நொடியே, “இம்புட்டு நல்லா இருக்கானே, ஏன்?” என்றாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு முன்பே எனக்கு ஒன்று நடந்திருந்தது. அதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள்ளே புழுங்கிக்கொண்டிருந்தேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடந்தது அது. அங்கே யானையின் எலும்பை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை இருட்டில் அந்த உருவத்துக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு ஜீப்புக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! சதையெல்லாம் போனால் உள்ளே இவ்வளவுதானா என்று மலைத்து நின்றுவிட்டேன். வேனுக்குத் திரும்பச் சொன்ன நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வருகிற வழியும் தவறிவிட்டது. திடீரென்று பின்னாலிருந்து செழியனின் சத்தம்.

“யோவ் பெருசு! அறிவிருக்கா உனக்கு? அத்தனை பேரும் வண்டில வேகுறாங்க, நீ எலும்பைப் பார்த்துட்டு நிக்கிற! உன் ஒருத்தனைத் தேடி நான் எத்தனை கட்டடம் ஏறி இறங்கறது?”

எனக்குச் சுருக்கென்றது. மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் நான். என்னை ‘யோவ்’ என்றவனை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். அவன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. கடக்கும்போது மட்டும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஏறுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் தன் போன் நம்பரை எழுதி என் சட்டைப்பையில் செருகினான். “பெருசு, மறுபடி வழி தெரியலைன்னா நின்ன இடத்துலயே நின்னு இதுக்குப் போன் பண்ணு. நான் வர்றேன்.” மன்னிப்புக் கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. முகம் உர்ரென்றுதான் இருந்தது.

இதை மகாராணியிடம் சொன்னால் கல்யாணம் அங்கேயே முறிந்துவிடும். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று கலா தனியாக எனக்குப் போன் போட்டு அழுத அழுகை எனக்கல்லவா தெரியும்? என் மானம் போனால் போகட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் மெரினாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேன் சென்ட்ரலுக்குத் திரும்பியது. எல்லோரும் இறங்கினார்கள். செழியன் மகாராணியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். நான் இரண்டடி தள்ளி, செருப்பு வாரைச் சரி செய்கிறவன்போலக் குனிந்து நின்றேன்.

“ரயிலுக்கு நேரம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க அத்தை” என்றான்.

மகாராணி அப்படியே நின்றுவிட்டாள். “என்ன சொன்ன?”

அவன் நெளிந்தான். “காலையில நீங்க வண்டில ஏறினப்பவே தெரிஞ்சுடுச்சு. ஏலக்காய் வாசம். ஊருக்குப் போயிட்டு வந்து கலா பையைத் திறந்தா இதே வாசம்தான் வரும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.” பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “மாமா வரலைங்களா?” என்று கேட்டான்.

நான் இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டேன்.

“வரலை” என்று சொல்லிவிட்டு மகாராணி விறுவிறுவென்று ஸ்டேஷனுக்குள் நடந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ள முடியாது. அந்த வாசத்திலேயே கிடந்து எங்களுக்கு அது தெரிவதில்லை. போடியில் பஸ்சை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரன் மூக்கை உறிஞ்சும்போதுதான், ஓ, வாசம் அடிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வோம். அவள் தலைமுடியிலும் தோலிலும் பெட்டியில் இருந்த சேலையிலும் ஏறிப்போன வாசத்தை எந்தச் சோப்பு போக்கும்? நான் டீசலும் பீடியுமாக நாறுகிறவன், தப்பித்தேன்.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. மகாராணி லேசில் அழுகிறவள் இல்லை.

“அம்புட்டும் மேலாப்புங்க. நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தேன் கொடை பிடிச்சிருக்கான், ரசம் ஊத்தச் சொல்லியிருக்கான். பானு புருசனும் இப்பிடித்தேன் தாங்குனான். ஒரு புள்ளி காட்டலையே அவன்! இவனும் காட்டலை. எனக்குப் பயமா இருக்கு. இன்னொரு பிள்ளையையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு அது கையையும் ஒடிச்சு வாங்கிட்டு வர என்னால ஆகாது. வேணாம்னு சொல்லிருவோம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாள் முழுக்க அடக்கி வைத்த கோபம்.

“உன்னையத் தாங்குனது குத்தமாடி? அப்ப என்னைய யோவ்னு கத்துனானே, அதுக்கு என்ன சொல்ற?”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவள் சேலைத் தலைப்பைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

“யாரு கத்துனா?”

இனி மறைத்துப் பயனில்லை. யானை எலும்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவள் இடையில் மறித்து மறித்துக் கேட்டாள்.

“யோவ்னா சொன்னான்?”

“யோவ் பெருசுன்னான். அறிவிருக்கான்னான்.”

“கை ஓங்குனானா?”

“இல்லை. ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடிச்சுக்கிட்டான்.”

“இறுக்கியா?”

“லாரி வருதுல்ல, இறுக்கித்தேன் பிடிப்பான்.”

“அப்பறம்?”

சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வியர்வையில் நம்பர் கொஞ்சம் கசிந்திருந்தது.

“ஒருவேளை உங்களையும் தெரிஞ்சுக்கிட்டே...” என்று இழுத்தாள்.

“அடிப்போடி! மாமனாருன்னு தெரிஞ்சா எவனாச்சும் அறிவிருக்கான்னு கேப்பானா?”

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணீர் காயாத முகத்தோடு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“புள்ளி இருக்குங்க” என்றாள். “காய்ல புள்ளி இருக்கு. கோவம் வந்தா கத்துறான். கத்திட்டு விட்டுட்டுப் போகலை. சாயம் இல்லை.”

என்னை ஒருவன் நடுக் கட்டடத்தில் வைத்து ‘அறிவிருக்கா’ என்று கேட்டதில் இவளுக்கு இத்தனை சந்தோசம். என் தலையெழுத்து.

அடுத்ததாக என் போனை வாங்கி, சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தி, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, நான் மகாராணி பேசுறேன். கலா அம்மா.”

“சொல்லுங்க அத்தை. ரயில் ஏறிட்டீங்களா? இது என்ன, புது நம்பரா இருக்கு?”

“இது உங்க மாமா நம்பரு. அவரும் வந்திருந்தாரு தம்பி.”

“அப்படியா? எங்க இருந்தாரு? நான் பார்க்கவே இல்லையே!”

“பாத்தீகளே. கடைசி சீட்டு. யானை எலும்பு.”

அந்தப் பக்கம் வண்டி ஹாரன்கள் மட்டும் கேட்டன. பிறகு, “அய்யய்யோ” என்று ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

“அத்தை, நான்... அவர்தான்னு தெரியாம...”

“தெரியாமப் பேசுனதுதேன் தம்பி எனக்கு வேணும். வர்ற ஞாயித்துக்கிழமை உங்க வீட்டாளுகளைக் கூட்டிக்கிட்டுப் போடிக்கு வாங்க. பேசி முடிச்சிருவோம்” என்றாள் மகாராணி.

நான் போனை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது.

“யோவ் மாப்ளே,” என்றேன், “ஞாயித்துக்கிழமை லேட்டா வந்துராத. அம்புட்டுப் பேரும் உனக்காகக் காத்துக்கிட்டு இருப்போம்.”