கண் திறக்காத ராக்கப்பன்

அனுமந்தன்பட்டி ராக்கப்பனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று உத்தமபாளையம் சுத்துப்பட்டு பூராவும் சொல்லும். சொல்லாதவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பத்து வயதில் அடுத்தவன் காளவாசலில் செங்கல் சுமந்தார். நாற்பது வயதில் சொந்தமாகக் காளவாசல் போட்டார். சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் எந்தச் சுவரைப் பேர்த்தாலும் 'ரா' என்று அச்சுப் போட்ட கல் ஒன்றாவது விழும். மண் வெட்டுகிற பள்ளத்தில் நல்லபாம்பு படம் எடுத்து நின்றபோது ஆளெல்லாம் கரையேறி ஓட, ஒரு கட்டையால் அதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்த மனுசன்.

அப்பேர்ப்பட்டவர் போன பங்குனியில் தன் சொந்த மூஞ்சியைப் பார்த்து நடுங்கிப்போனார்.

மகள் கயல் சென்னையில் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறாள். சேர்த்தபோது ஊரில் கேட்காத ஆள் இல்லை. "பொம்பளப் பிள்ளைய பொம்மை செய்யவா மெட்ராசுக்கு அனுப்புற?" என்றார்கள். "எங்கையி தொட்டா மண்ணு கல்லாகும். எம் மக கையி தொட்டா மண்ணு மனுசனாகும். இருந்து பாருங்க" என்று வாயை அடைத்தார். இப்போது நாலாம் வருசம், கடைசி வருசம். ஆளுக்கு ஒரு பெரிய வேலை செய்து, வெளியிலிருந்து வரும் நடுவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அதற்கு ஜூரி என்று பேர். நாலு வருசப் படிப்பும் அந்த ஒரு நாளில்தான் நிற்கிறது.

கயல் ஊருக்கு வந்தாள். இங்கேதான் கண்மாய் வண்டல் இருக்கிறது, சுட காளவாசல் இருக்கிறது. யாரைச் செய்வது என்று யோசிக்கவே இல்லை. அப்பாவைக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார வைத்தாள். இடுப்பு வரைக்கும், அச்சு அசல் அவர் அளவிலேயே.

"தாடையை ஆட்டாதப்பா."

"பேசாம எப்படி ஆத்தா உக்கார? மூக்கைக் கொஞ்சம் எடுப்பா வையி. மீசையில வஞ்சகம் பண்ணிராத."

"உள்ளது உள்ளபடிதான் வரும். தொந்தியும் வரும்."

பதினோரு நாள் உட்கார்ந்தார். வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் முடிந்தது, கண்ணைத் தவிர. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று இரண்டு உருண்டைதான் இருந்தது.

"எங்கன பாக்குற மாதிரி வைக்கணும்னு புடிபடலப்பா. சுட்டப்புறம் உளியால குடைஞ்சுக்கலாம்" என்றாள்.

ராக்கப்பனே காளவாசலின் நட்டநடுவில் அதை இறக்கி, சுற்றிலும் சுடாத பச்சைச் செங்கல் அடுக்கி, இரண்டு நாள் மெதுவாகத் தீ வைத்தார். ஐந்து நாள் ஆறவிட்டுப் பிரித்தார்கள். சாம்பலைத் துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து அவரே செக்கச்செவேலென்று வந்தார். இடது மார்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இது சகஜம்தான், ஒண்ணும் ஆகாது" என்றாள் கயல். ராக்கப்பன் கை தன்னால் இடது மார்புக்குப் போனது. அன்றைக்கு மத்தியானமே அங்கே சுருக்கென்றது.

அவர் மார்பைப் பிடித்ததை மனைவி மாயக்காள் பார்த்துவிட்டாள். "ஏங்க, நம்ம பக்கம் மண்ணுல உருவம் எடுக்குறது எதுக்கு? கையில நோவுன்னா மண்ணுல கையி, பிள்ளைக்கு நோவுன்னா மண்ணுல பிள்ளை. செஞ்ச சூட்டோட கண்மாய்க்கரை ஆத்தாளுக்குக் கொண்டுபோயி வச்சிருவாக. ஆளைச் செஞ்சு ஆளுக்குப் பக்கத்துலயே வச்சிருந்தா, ரெண்டுல ஒண்ணுதான நிக்கும்?"

"போடி, அது காலேஜ் பாடம்" என்றார். ஆனால் மறுநாள் விடியுமுன் பஸ் ஏறிவிட்டார்.

கம்பத்தில் போய் ஈசிஜி எடுத்தார். வாயு என்றார் டாக்டர். சாகப்போகிறவனிடம் எந்த டாக்டர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்? கொட்டகைப் பக்கம் போகாமல் வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போனார். போகாமலும் இருக்க முடியவில்லை. ஒரு நாள் ஈர்க்குச்சியை ஒடித்து விரிசலை அளந்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் அதே குச்சியை வைத்தால் அரை நெல் அளவு பத்தவில்லை. அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, சிலையைப் பொதிந்து அனுப்ப ஸ்பாஞ்சும் அட்டையும் வாங்கக் கயல் தேனிக்குப் போனாள். அவள் பஸ் மறைந்ததும் ராக்கப்பன் டிராக்டரில் வைக்கோலைப் பரப்பினார். காளவாசல் ஆள் பலவேசம் ஒரு பக்கம் பிடித்தான்.

"முதலாளி, உங்களை நீங்களே தூக்கிட்டுப் போறீகளே!"

"வாயை மூடிட்டுத் தூக்குலே."

கண்மாய்க்கரையில், நூறு வருசத்து மண் கையும் காலும் குவிந்து கிடக்கிற இடத்தில் வைத்து, தேங்காய் உடைத்து, திரும்பிப் பாராமல் வந்தார்கள். வீடு வந்து சேருமுன் சுருக்கு நின்றுவிட்டது. மூன்று நாளைக்கு அப்புறம் ராக்கப்பன் இரண்டாம் சோறு வாங்கினார்.

நாலு மணிக்குக் கயல் வந்தாள். கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"அப்பா, சிலை எங்கன?"

அவர் தட்டைப் பார்த்தார். மாயக்காள்தான் சொன்னாள்.

கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை. செங்கல் அடுக்கில் போய் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை ஜூரிப்பா. மியூசியத்துக்கு உருவம் செய்யிற கம்பெனிக்காரர் வராரு. நாப்பது பேருல ஒருத்தரைத்தான் வேலைக்கு எடுப்பாராம். என்கிட்ட வேற எதுவும் இல்ல. சாமிக்கு வச்சதை எடுக்கவும் எனக்குப் பயமா இருக்கு."

ராக்கப்பன் தன் உயிருக்குப் பயந்தது ஒரு பயம். இது அதுக்கு மேல். சட்டையை மாட்டி, மகளையும் பலவேசத்தையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

கண்மாய்க்கரையில் பூசாரி சின்னக்கருப்பு சிலைக்கு முன்னால் குத்தவைத்துக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா ராக்கப்பா, காளவாசல் வச்சு இத்தனை வருசம், இதுகூடத் தெரியாதா? கண்ணு தொறக்கலையே! கண்ணு தொறக்காத உருவம் வெறும் மண்ணு, தொறந்தாத்தான் அதுக்கு உசுரு. ஆத்தா இன்னும் வாங்கிக்கிடல."

அப்படியானால் நேர்த்தி சேரவில்லை. அந்தக் கணமே ராக்கப்பனுக்கு மார்பில் சுருக்.

சின்னக்கருப்பு கயலின் தோள்பையைப் பார்த்தார். உளியின் பிடி வெளியே தெரிந்தது. "இங்கனயே கண்ணத் தொறந்தா ஆத்தாளுக்கு. தொறக்காமத் தூக்கிட்டுப் போனா உனக்கு. எது?"

"அப்பா சொல்லட்டும்" என்றாள் கயல். "தொறன்னா தொறந்துட்டு வந்துருவேன். நெசமாத்தாம்ப்பா." உளியைக் கையில் எடுத்தும்விட்டாள்.

ராக்கப்பன் சிலையைப் பார்த்தார். அந்த மூக்கை, அந்த மீசையை, தொந்தியைக்கூட. பதினோரு நாள் அந்தப் பிள்ளை தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தார். வேர்வை கழுத்தில் வழிந்தது. நல்லபாம்பைக் கட்டையால் ஒதுக்கிய கை, வேட்டி முனையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"பலவேசம்," என்றார். இன்னொரு தரம் கூப்பிட்டார். "ஏலே பலவேசம், வைக்கோலை நல்லாப் பரத்து. தூக்கு."

சனிக்கிழமை சிலை லாரியில் போனது. திங்கட்கிழமை ராக்கப்பன் போனை மடியில் வைத்துக்கொண்டு காளவாசல் வாசலில் உட்கார்ந்திருந்தார். கல் எடுக்க வந்தவனைப் பலவேசத்திடம் அனுப்பினார். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்றரைக்குப் போன் அடித்தது.

"அப்பா, ஏன் கண்ணு வைக்கலன்னு கேட்டாக."

"என்ன சொன்ன?"

"தொறந்தா சாமிக்குக் குடுத்துரணும், எங்கப்பாவை நான் குடுக்க மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் அந்தக் கம்பெனிக்காரர், ஜூன் மாசம் வேலைக்கு வந்துருன்னாரு."

ராக்கப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அப்ப சிலை?"

"காலேஜ் ஹால்லயே இருக்கட்டும்னு பிரின்சிபால் கேட்டாக. சரின்னுட்டேன்."

அன்று சாயங்காலம் டீக்கடையில் அனுமந்தன்பட்டியே கேட்கிற மாதிரி பேசினார். "மெட்ராசு காலேஜ்ல என்னையத்தாய்யா நடு ஹால்ல வச்சிருக்கான்! நாலாங்கிளாஸ்காரனை!"

வீட்டுக்கு வருகிற வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்று, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். இன்றைக்கும் தினம் ஒரு தடவை போடுகிறார். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ஆத்தா, கண்ணுல எவனும் கை வைக்கலையே?"