அண்ணனிடம் எடுத்த ரத்தம்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் கண்ணாடியை உடைத்துத் திருடியவன் அதில் ரத்தம் சிந்திவிட்டுப் போயிருந்தான். அதே வாரம் தறியில் நூல் அறுக்கும் கத்தி கிழித்து என் அண்ணனின் கையில் காயம். போலீஸ் அவனைக் கைது செய்து, கோர்ட் உத்தரவோடு பெரிய ஆஸ்பத்திரியில் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்தது. அப்போது அந்தப் பெயரே எங்களுக்குப் புதுசு. அண்ணன் தயங்காமல் கையை நீட்டினான்.

அதன்பின் எதுவும் நகரவில்லை. ஜாமீன் கேட்டால், சோதனை முடிவு வரட்டும் என்றார்கள். அண்ணியும் நானும் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தோம்.

"சோதனைக்கு கவர்மெண்ட் இன்னும் பணம் ஒதுக்கலமா. மெட்ராஸ் லேப்ல அப்டியே கெடக்குது" என்றார் ஏட்டு.

"நாங்களே கட்டிடறோம் சார்" என்றாள் அண்ணி.

"நீங்க கட்னா கோர்ட்டு ஒத்துக்காதும்மா."

"அதுவரைக்கும் அவரு உள்ளயே இருக்கணுமா?" என்று கேட்டாள். ரத்தம் கெட்டுப்போனால், வேறொருவனுடையதோடு மாறிப்போனால் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மழைக்காலம் முடிந்துதான் அரசின் பணம் வந்து சோதனை நடந்தது. கண்ணாடியில் இருந்தது அண்ணனின் ரத்தம் இல்லை.

வீடு திரும்பியவன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டான்: "என்கிட்ட எடுத்தத இன்னா பண்ணாங்க? வச்சிக்கினு இருக்காங்களா?"

மறுநாள் அண்ணி ஏட்டிடமே போய்க் கேட்டாள்.

"அத வச்சிக்கிறதா அழிக்கிறதான்னு ரூல் எதுவும் எங்களுக்கு வரலமா" என்றார் அவர்.